வான் பாய்ந்த கதையின் மிச்சம்

தம்பி,

நீ அனுப்பிய வீடியோவைப் பதினொரு தரம் பார்த்துவிட்டேன். முன்வீட்டுக் கடைக்காரர் வந்து, "என்ன அண்ணை, புதுப்படமோ?" என்று கேட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் இருந்து இரண்டு தரம் பார்த்தார். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலை, நடுவில் உன் கார் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரிப் போகிறது. பார்க்கப் பார்க்க எனக்குக் கேள்விகள்தான் வருகின்றன. அந்தப் பெரிய பாலத்தின் கால் ஆற்றுக்குள் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கும்? கரையோரம் வெள்ளையாகக் கிடப்பது விழுந்த பனியா, உறைந்த தண்ணீரா? மேலே உறைந்துவிட்டால் கீழே ஆறு ஓடுமா, அல்லது பனிக்காலம் முடியும்வரை அப்படியே நின்றுவிடுமா? அப்படியானால் மீன்கள் எங்கே போகும்? நீ பெருவிரலைக் காட்டுகிற படத்தை அனுப்பிச் சமாளிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். நோர்வேயில் எட்டு வருசம் இருக்கிறாய், இதையெல்லாம் இன்னும் நீ ஒருவரிடமும் கேட்கவில்லை என்றால் நீ என் பிள்ளையே இல்லை.

வீடியோவின் கடைசியில் மருமகள் பின்னால் இருந்து கமராவை முன்பக்கம் திருப்புகிறாள். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்தபடி, உனக்குப் பக்கத்தில் முன் சீற்றில் அம்மா இருக்கிறா. அந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு தரமும் நிறுத்தினேன். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்பா, முன்னுக்கு ஏறினதும் அம்மாவுக்குக் கண் கலங்கிப்போச்சு. ஏனம்மா எண்டு கேட்டன். உன்ர அப்பாவைக் கேள் எண்டா. என்னப்பா நடந்தது?" பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது, பத்தியம் பார்க்க வேண்டும் என்று அம்மாவை உன்னிடம் அனுப்பினேன். அவ அங்கே போய் இப்படி ஒரு கேள்வியை எனக்குத் திருப்பி அனுப்புவா என்று நான் நினைக்கவில்லை.

அம்மா என் வாகனத்தின் முன் சீற்றில் இருந்து நீ பார்த்திருக்க மாட்டாய். சின்ன வயதில் உனக்கு அது பெரிய வசதி. முன் சீற் உனக்கென்றே செய்தது என்று நினைத்து வளர்ந்தாய். சண்டை முடிந்து நாலைந்து வருசத்தில் நான் அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினபோதும் அவ நேரே பின்கதவைத்தான் திறந்தா. அவ பின்னால் இருக்க நான் தனியே முன்னால் இருந்து ஓட்டுவதைப் பார்த்து, சந்தியில் நிற்கிறவர்கள் வாடகை ஓட்டம் என்று நினைத்து, "அண்ணை, ஹயரோ?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு, "ஓம், வீட்டு ஹயர்" என்பேன். சிரித்தே மூடிவிடலாம் என்றால் நான் எதையும் மூடிவிடுவேன், அது உனக்குத் தெரியும்.

வான் பாய்ந்த கதையும் உனக்குத் தெரியும். கலியாண வீடு, பெயர் வைக்கிற விழா என்று எங்கே நாலு பேர் கூடினாலும், "அண்ணை, அந்த வான் கதையைச் சொல்லுங்கோ" என்று கேட்பார்கள். நானும் கை காலை ஆட்டிச் சொல்லுவேன். அப்போதெல்லாம் அம்மா அடுப்பு வேலை என்று எழுந்து குசினிக்குள் போய்விடுவா. கேட்டு அலுத்துப்போய்த்தான் போகிறா என்று நீ நினைத்திருப்பாய். நான் அப்படி நினைக்கவில்லை. நான் சொல்லுவது பாதிக் கதைதான் என்று எனக்கும் அவவுக்கும் தெரியும். இப்போது முழுவதையும் எழுதுகிறேன். மருமகளும் வாசிக்கட்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்த பாதியில் இருந்தே தொடங்குகிறேன்.

தொண்ணூற்றாறு சித்திரையில் நான் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வன்னிக்கு வந்தேன். கையில் இருந்தது ஒரு பழைய மொறிஸ் கார், அதையும் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்த பாடு தனிக்கதை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிணறு தெரியும், கடல் தெரியும், ஆறு தெரியாது. முப்பது வயதுவரை ஆறு என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்துப் படம்தான். விசுவமடுவில் ஒரு கொட்டில் போட்டு, காரை ஹயருக்கு ஓட்டினேன். பெற்றோல் கண்ணில் காட்ட முடியாத காலம். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்ட வேண்டும். முன்னால் இருந்த கொட்டில் பள்ளிக்கூடத்தில் உன் அம்மா சம்பளமில்லாத ரீச்சர். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வந்து, நெடுங்கேணிக்குக் கிட்டக் காடு வெட்டி வயலாக்கின குடும்பம். அவ தன் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிப்பித்தா. நான் கேட்டேன், அவ ஓம் என்றா, ஐப்பசியில் கலியாணம். என் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. "போயும் போயும் அங்கையோ பொம்பிளை எடுத்தனீ?" என்று அக்கா கடிதம் எழுதியிருந்தா. நான் அக்காவோடு கோபித்துக்கொண்டேன், அதனால் அக்காவிடம் இருந்தது என்னிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறக்க மூன்று நாள் இருக்க, உன் தாத்தா எங்களைத் தலைப்பொங்கலுக்குக் கூட்டிப்போக நெடுங்கேணியில் இருந்து வந்தார். எங்கள் பக்கத்தில் தலைப்பொங்கல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவருக்கு அது மகளைக் கட்டிக்கொடுத்த கடமை. அந்த மார்கழி முழுக்க மழை. அன்று காலையும் வானம் மூடி மப்பு. மப்பு நாள் என்றால் எங்களுக்கு அப்போது சந்தோசம், குண்டு போடுகிற விமானம் வராது. எங்கள் பாட்டுக்கு றோட்டில் போகலாம். தாத்தா தானாகவே பின் சீற்றில் ஏறிக்கொண்டு, "நீ மாப்ள பக்கத்துல ஒக்காரும்மா, அதான் அழகு" என்றார். அம்மா புதுச்சேலையோடு என் பக்கத்தில் இருந்தா. கண்ணாடியைத் துடைக்கிற கை வேலை செய்யாததால், மழை தூறும்போதெல்லாம் அவ வெளியே கை நீட்டி ஒரு துணியால் எட்டினமட்டும் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டா.

உண்மையைச் சொன்னால், அன்று காலை என் வாழ்க்கையின் நல்ல காலைகளில் ஒன்று. உடையார்கட்டு தாண்டும்வரை றோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர். ஒவ்வொரு மதகிலும் நான் காரை மெதுவாக்கி எட்டிப் பார்ப்பேன். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்பேன். தாத்தாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. "இது வயலு வடிச்ச தண்ணிங்க, பாருங்க கலங்கலா இருக்கு. அங்கிட்டு வர்றது காட்டுத் தண்ணி, தேயிலச் சாயம் மாதிரி இருக்கும்." ஒரு பாலத்தில் இறங்கி, ஓடுகிற தண்ணீருக்குள் கையை வைத்துப் பார்த்து, மேலே மழை விட்டு ஒரு நாள் ஆகியிருக்கும் என்றார். எப்படி என்று கேட்டேன். "குளுரு கொறைஞ்சிருக்குங்க" என்றார். நானும் கையை வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பிடித்திருந்தது. ஆற்றுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது, அதை ஒருவர் மனதில் வைத்திருக்கலாம் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது.

புதுக்குடியிருப்பில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். கடை நிறைய ஆட்கள். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் போகிறோம் என்று அறிந்ததும் ஒருவர் சொன்னார், "முத்தையன்கட்டு வான் பாயுதாம். போறதெண்டால் கெதியாப் போங்கோ." எனக்கு வான் என்றால் ஆட்களை ஏற்றுகிற வான்தான். முத்தையன்கட்டில் எவனோ ஒரு வான்காரன் என் ஓட்டத்தைப் பிடிக்கப் பாய்ந்து திரிகிறான் என்று நினைத்துவிட்டேன். பொறுக்க முடியாமல், "எத்தினை பேரை ஏத்துறான்? அவனும் மண்ணெண்ணெயிலதானோ ஓடுறான்?" என்று கேட்டேன். கடை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. "அண்ணை, அந்த வான் ஓடுறேல்லை, பாயுறது மட்டும்தான்!" என்றான் ஒருவன். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டின இடத்துக்கு வன்னியில் வான் என்று பெயர். குளம் வான் பாய்ந்தால் ஆறு பெருகும், ஆறு பெருகினால் றோட்டு மூடும். குடாநாட்டில் அப்படிக் குளமும் இல்லை, அந்தச் சொல்லும் எனக்கு இல்லை. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. தாத்தா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார்.

நான் ஊரெல்லாம் சொல்லுகிற கதை இங்கே முடிந்துவிடும். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்ததாகத்தான் எப்போதும் சொல்லுவேன். நான் சிரிக்கவில்லை, தம்பி. காதெல்லாம் சுட்டது. கடையில் சிரித்தவர்கள் எல்லாரையும் விட, தாத்தா சிரித்ததுதான் எனக்குக் குத்தியது. ஏன் அவர் சிரித்தது மட்டும் குத்தவேண்டும் என்று நான் அப்போது என்னையே கேட்டிருந்தால் மிச்சக் கதை நடந்திருக்காது. எதையும் தோண்டித் தோண்டிக் கேட்கிறவன், கேட்க வேண்டிய அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன். உன் மனைவி வீட்டார் உன்னைப் பார்த்துச் சிரிக்கிற நாளும் வரும். அன்றைக்குச் சேர்ந்து சிரி. சிரிப்பு வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று யோசி.

கடையில் இருந்து புறப்பட்டபிறகு ஒரு மதகிலும் நான் காரை மெதுவாக்கவில்லை. அம்மா இரண்டு தரம் கதை கொடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டா. ஒட்டுசுட்டானுக்கு முன்னால் பேராறு குறுக்கே வந்தது. அங்கே றோட்டைத் தாழ்த்தி, ஆற்றின் மேலேயே கொங்கிறீற் போட்டிருந்தார்கள். கோடையில் அதன்மேல் வாகனம் போகும், மாரியில் அதன்மேல் ஆறு போகும். தாம்போதி என்று அதற்குப் பெயர். அதன் இரண்டு ஓரத்திலும் வெள்ளை பூசின குத்துக்கற்கள் வரிசையாக நிற்கும். தாத்தா முன்னால் எட்டிப் பார்த்தார். "மாப்ள, நிறுத்துங்க. கல்லோட தலை தெரிஞ்சாத்தான் போகலாம். நடுவுல நாலு கல்லு தெரியல. ஒரு ட்ராக்டரு வரட்டும், இல்லாட்டி அந்திக்குள்ள வடிஞ்சிரும்" என்றார். ஆறு பெரிதாகச் சத்தம் போடாமல், அகலமாக, மண்ணிறமாகப் போய்க்கொண்டிருந்தது. பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரித்தான் இருந்தது. "உங்களுக்கு மண்வெட்டி தெரியும் மாமா, கார் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நான் இறக்கினேன்.

நடுவுக்கு வரும்போது கார் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. கதவுக்குக் கீழால் தண்ணீர் உள்ளே வந்தது. முதலில் பாதம், பிறகு கணுக்கால். கார் மெதுவாகப் பக்கவாட்டில் அசைவது எனக்குத் தெரிந்தது. திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணிப் பார்த்தேன். தாத்தா பின்னால் இருந்து குரலை உயர்த்தாமல், "அப்பவே சொன்னேனுங்களே மாப்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் சொன்னதை எழுதக் கை போகவில்லை. எழுதாமல் விட்டால் இதுவும் பாதிக் கதைதான். "வாயைப் பொத்திக்கொண்டு இரும்! தோட்டக்காட்டானுக்கு ஆத்தையும் தெரியும், காரையும் தெரியுமோ!" என்று கத்தினேன்.

தேயிலைத் தோட்டத்து ஆட்களை இழிவாகச் சொல்லுகிற அந்தச் சொல் அக்காவின் கடிதத்தில்கூட இல்லை. அது எங்கே கிடந்து எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் அதிசயம். நான் அதை வீட்டிலும் சந்தியிலும் கேட்டே வளர்ந்தவன். எனக்குள் அது இல்லை என்று நினைத்துத்தான் உன் அம்மாவைக் கட்டினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்து தண்ணீருக்குள் இறங்கினா. முழங்காலுக்கு மேலே தண்ணீர், புதுச்சேலை மிதந்தது. தாத்தா உடனே இறங்கி அவவின் கையைப் பிடித்து, குத்துக்கல் குத்துக்கல்லாகத் தடவி அக்கரைக்குக் கூட்டிப்போனார். நான் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அவர்கள் இருவரும் அப்படியே நடந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் நியாயம்.

தாத்தா திரும்பி வந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் அந்தச் சொல்லைச் சொன்ன அதே தண்ணீருக்குள் திரும்ப இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஸ்டேரிங்க நேரா புடிங்க. பிரேக்குல கால வைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரின் பின்னால் போனார். தனியாகத்தான் தள்ளினார். பாதித் தூரம் அவர் தள்ளினபிறகுதான் கரையில் நின்ற இரண்டு பேர் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். கார் கரை ஏறியது. எஞ்சினைத் துடைத்து, காய வைத்து, பெற்றோல் போத்தலில் மிச்சம் இருந்ததை விட்டு, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஸ்ராட் பண்ணினேன். அம்மாவுக்காக முன்கதவைத் திறந்துவிட்டேன். அவ பின்கதவைத் திறந்து தாத்தாவுக்குப் பக்கத்தில் இருந்தா. "தோட்டத்து ஆக்கள் பின்னுக்கு இருக்கிறம். நீங்கள் ஓட்டுங்கோ" என்றா. அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். வழி சொல்லுகிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னா.

நெடுங்கேணியில் பொங்கல் நன்றாகத்தான் நடந்தது. தாத்தா எனக்கு வேட்டி எடுத்து வைத்திருந்தார். முதல் பொங்கலை எனக்கே படைத்தார். ஊராருக்கு, "மாப்ள ஆத்துல கார ஓட்டிப் பழகுனாரு" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது காருக்குக் கிட்ட வந்து, அம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார்: "அந்தச் சொல்லு எனக்குப் பழகிப்போச்சு மாப்ள. எம்மகளுக்கு அதப் பழக்கிடாதீங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப வாறன் மாமா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். அந்த வருசமே நெடுங்கேணியும் இடம்பெயர்ந்து, தாத்தா எங்களோடு விசுவமடுவில் வந்திருந்தார். நீ பிறந்தாய், நடக்கத் தொடங்கினாய், அவர் காய்ச்சலில் போனார். இரண்டு வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். நான் குடிக்கிற கோப்பையிலேயே அவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். வாய் திறந்து, மாமா, அன்றைக்கு நான் சொன்னது பிழை என்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அவர் போனபிறகு அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. அதற்குப் பதிலாக, சிரிப்பு வருகிற பாதியை மட்டும் எடுத்து ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமை எழுதியது. உனக்கு அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று புதன்கிழமை. உனக்கு எழுதுவதை விட, சொல்ல வேண்டிய ஆளுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது. நீ வேலைக்குப் போயிருந்த நேரம் அம்மாவுக்கு அழைத்து, இந்தக் கடிதத்தை முதலில் இருந்து வாசித்தேன். முடித்துவிட்டு, "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். இருபத்தெட்டு வருசத்தில் முதல் தரம். லைன் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கிறன்" என்றா. "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். எத்தினை வீட்டில எத்தினை தரம் அந்தக் கதையைச் சொன்னியள். ஒவ்வொரு தரமும் குசினிக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். இண்டைக்காவது அப்பா திரும்பி வந்து தள்ளின இடத்தைச் சொல்லுவியள், இண்டைக்காவது சொல்லுவியள் எண்டு."

அவ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய ரீச்சர் குரலில் கேட்டா, "அப்பாவின்ர செருப்பைப் பற்றி எழுதினனீங்களோ?"

"என்ன செருப்பு?"

"உங்களுக்கு அது தெரியாதே? காரைத் தள்ளேக்கை அப்பாவின்ர ரெண்டு செருப்பும் ஆத்தோட போயிட்டுது. என்ர கலியாணத்துக்கெண்டு வாங்கினது, அதுக்கு முந்தி அவர் செருப்புப் போட்டதே இல்லை. பொங்கல் மூண்டு நாளும் வெறுங்காலோடதான் உங்களுக்குப் பின்னாலையும் முன்னாலையும் ஓடித் திரிஞ்சவர். அதையும் எழுதுங்கோ. பிறக்கப்போற பிள்ளைக்குக் கதை சொல்லேக்கை அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி எழுதுங்கோ."

எழுதிவிட்டேன், தம்பி.

அப்பா